பரவைக்கடல் சிறுதீவில் கண்டல் வைக்க முன்னர் அளக்க வேண்டியவை

கேட்கப்பட்டது இதுதான். யாழ்ப்பாணத் தீவகத்தில் வேலணைப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்று, தங்கள் கரைக்கு எதிரே பரவைக்கடலில் (ஆழமற்ற களப்பில்) கிடக்கும் ஏறத்தாழ 12 ஏக்கர்ச் சிறுதீவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறது. முன்னர் கரையைச் சுற்றி, உவர்சேற்றில் வளரும் கண்டல் மரங்கள் நின்றனவாம். இப்போது ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். மற்றதெல்லாம் வெட்டவெளி, நடுவில் சில பனைகள், குறுக்கே ஒரு பழைய மண் அணை. வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் 10,000 கண்டல் கன்றுக்குப் பணம் தரத் தயார். வருகிற மாரிக்கே நடலாமா, எந்த இனம், எவ்வளவு இடைவெளி?

வருகிற மாரிக்கு நட வேண்டாம். அந்த மாரியை அளக்கவும் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாரிக்கு நடுங்கள் (வாய்க்கால் வெட்ட வேண்டிவந்தால் அதற்கும் அடுத்த மாரிக்கு), அதுவும் தேவைப்பட்டால் மட்டும். இதை உற்சாகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. இலங்கையில் ஆழிப்பேரலைக்குப் பிறகு நடந்த கண்டல் நடுகைகளை றுகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 23 இடங்களில் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் தப்பியது 200 முதல் 220 ஹெக்டேயர் அளவுதான். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. தோற்றுப்போனதற்கான முதற் காரணம் இடத்தேர்வு: கண்டல் ஒருநாளும் வளர்ந்திராத தாழ்ந்த சேற்றுவெளியில் நட்டார்கள். அடுத்தது, நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கன்றின் தரம் இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தீவில் கண்டல் ஏன் இல்லாமற் போனது என்பது. விறகுக்கும் வேலிக்கும் வெட்டியதால் என்றால், வெட்டு நின்ற பின் விதை தானாக வந்து முளைத்திருக்க வேண்டும். கண்டலின் விதைகள் மிதந்து வருபவை, பக்கத்திலேயே தாய்மரமும் நிற்கிறது. வெட்டு நின்று பல வருடமாகியும் முளைக்கவில்லை என்றால் வேறொன்று தடுக்கிறது. இங்கே அது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: நீரோட்டம் அடைபட்டது, நிலத்தில் உவர்ப்பு ஏறியது, கட்டாக்காலி மாடும் ஆடும். அந்தத் தடை இருக்கும்வரை 10,000 நட்டாலும் 50,000 நட்டாலும் ஒன்றுதான்.

தீவை ஒரே நிலமாக நினைக்காமல் கடலிலிருந்து நடுவரை நடந்து பாருங்கள், வற்றுநேரத்தில். முதலில் எப்போதும் நீர் நிற்கும் ஆழமற்ற தரை. அங்கே கடற்புல் இருக்கும். கரையொதுங்கும் சாதாழை அங்கிருந்துதான் வருகிறது. இறாலும் நண்டும் குஞ்சாக வளரும் இடமும் அதுவே. அடுத்து வற்றில் வெளித்தெரியும் சேற்றுவெளி. ஐப்பசியிலிருந்து பங்குனிவரை பூநாரைகளும் வலசை வரும் கரைப்பறவைகளும் மேய்வது இதில். அதற்கு மேலேதான், பெருக்கில் நனைந்து வற்றில் காயும் ஒடுங்கிய பட்டையில், கண்டலுக்குரிய இடம் வருகிறது. அதற்கும் மேல் பூரணை, அமாவாசைப் பெருக்கில் மட்டும் நனைந்து கோடையில் உப்புப் பூக்கும் தரவை, உமரி படர்ந்திருக்கும். பிறகு சிப்பியும் மணலும் சேர்ந்த மேடு, அதில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும். நடுவில் பனையும் ஈஞ்சும் நிற்கும் உயர்நிலம்.

இந்த ஆறில் கண்டல் நடக்கூடியது ஒன்று மட்டுமே. சேற்றுவெளி வெறுமையாகத் தெரிவதால் அதில் நடத் தோன்றும். உண்மையில் அது தீவின் சோற்றுப்பானை. பறவைக்கும் மீனுக்கும் சாப்பாடு அங்கேதான். கடற்புல்லுக்கு மேல் நட்டால் கடற்புல்லும் போய்க் கன்றும் போகும். தரவையும் தரிசு அல்ல. ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் வெறுந்தரையில் சிறு குழி பறித்து முட்டையிடுவது தரவையிலும் சிப்பி மேட்டிலும். முட்டை மண்ணின் நிறத்திலேயே புள்ளி போட்டிருக்கும். காலடியில் நசுங்கினாலும் தெரியாது. 2023இல் தனி இனமென்று நிறுவி அனுமனின் பெயர் சூட்டப்பட்ட உப்புக்கொத்தி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது, கூடு வைப்பதும் இப்படிப்பட்ட வெளியில்தான். சித்திரை தொடங்கி ஆவணிவரை அந்தப் பகுதியில் ஆட்களை இறக்காதீர்கள். மேட்டைச் சமப்படுத்தவும் வேண்டாம், நிழலுக்கென்று மரம் வைக்கவும் வேண்டாம். ஒரு மரம் நின்றால் அதில் காகம் வந்து குந்தும், காகம் வந்தால் முட்டை மிஞ்சாது. சவுக்கு அறவே வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 12 ஏக்கர்த் தீவை வட்டமென்று வைத்தால் சுற்றளவு ஏறத்தாழ 780 மீற்றர். கரை 50 மீற்றருக்கு 1 மீற்றர் என்ற சாய்வில் இறங்குகிறது, கண்டல் நிற்கக்கூடிய உயர வேறுபாடு 20 சென்ரிமீற்றர் என்று எடுத்தால், பட்டையின் அகலம் 10 மீற்றர். முழுச் சுற்றுக்கும் 7,800 சதுர மீற்றர், அதாவது 31 பரப்பு (ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர்). அதில் ஏற்கெனவே கண்டல் நிற்கும் இடம், மணற்கரை, வள்ளம் கட்டும் இடம், வலைப்பாடு எல்லாம் கழித்தால் 18 பரப்பு மிஞ்சலாம். ஒரு மீற்றருக்கு ஒன்றாக 10,000 நட வேண்டுமென்றால் 40 பரப்பு தேவை. மிச்சக் கன்றுகள் சேற்றுவெளிக்கோ தரவைக்கோதான் போகும். எண்ணிக்கையை முதலில் முடிவுசெய்யும் திட்டங்கள் தோற்கும் இடம் இதுதான்.

இந்த எண்கள் மாதிரிக்கு. உங்கள் தீவின் எண்களை நீங்கள்தான் அளக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

வற்றுப்பெருக்கு நம் கரையில் சிறிது. பூரணை அமாவாசையிற்கூட மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் இடையில் அரை மீற்றர் அளவுதான். ஆகவே உயரத்தில் 10 சென்ரிமீற்றர் பிழை விட்டால், மேற்சொன்ன சாய்வில் பட்டை 5 மீற்றர் தள்ளிப் போய்விடும். பாதி நடுகை நீருக்குள் நிற்கும். கண்மதிப்பு இங்கே உதவாது.

செய்முறை இது. நல்ல வைரம் பாய்ந்த பனஞ்சலாகை ஒன்றை, தீவின் ஒதுக்கமான பக்கத்தில், வற்றிலும் அடி நனையும் இடத்தில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு இறுக்குங்கள். அதில் சென்ரிமீற்றர் கோடுகளை எனாமல் வர்ணத்தால் வரையுங்கள். இதுதான் நீர்மட்டக் கம்பம். மேட்டில் அசையாத கல்லிலோ கொங்கிறீற்றுக் கட்டையிலோ ஒரு குறி வைத்து, கம்பத்தின் பூச்சியத்தை அதோடு இணைத்துக்கொள்ளுங்கள். கம்பம் புயலில் போனாலும் அளவு போகாது. பூரணை, அமாவாசை நாட்களில் பெருக்கையும் வற்றையும் வாசியுங்கள். அட்டமி நாட்களிலும் வாசியுங்கள், அப்போதுதான் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. ஆள் இல்லாத நேரத்து உச்சத்தைப் பிடிக்க, அடியில் சிறு துளைகள் போட்ட பீவீசீ குழாயை நிறுத்தி, உள்ளே வெண்கட்டி தடவிய தடியை வையுங்கள். நீர் எதுவரை ஏறியதோ அதுவரை வெண்கட்டி கரைந்திருக்கும். குழாய் இல்லாமல் தடியை மட்டும் வைத்தால் அலை நனைத்து உயரத்தைக் கூட்டிக் காட்டும்.

கோடையில் மூன்று முறை, மாரியில் மூன்று முறையாவது எடுக்காவிட்டால் பயனில்லை. கடல்மட்டமே வருடத்தின் நடுப்பகுதியில் இறங்கியும் கார்த்திகை, மார்கழியில் ஏறியும் நிற்கிறது. அதோடு மழைவெள்ளமும் சேரும். யூலையில் மட்டும் அளந்து நட்டவர்களின் கன்று மார்கழியில் நாட்கணக்காக மூழ்கிக் கிடக்கும். ஒவ்வொரு வாசிப்போடும் காற்றையும் எழுதுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கும் நாளில் ஆழமற்ற பரவையின் நீர் ஒரு கரைக்கு ஒதுங்கும். அது வற்றுப்பெருக்கு அல்ல. படித்தவர்களைவிட இதை அந்தக் கடலில் தொழில் செய்கிறவர்கள் நன்றாகச் சொல்வார்கள். வாசிப்பவர்களில் ஒருவர் கட்டாயம் கடற்றொழிலாளியாக இருக்கட்டும்.

நிலத்தின் உயரத்துக்கு 20 மீற்றர் நீளத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் போதும். வர்ணம் கலந்த நீரை நிரப்புங்கள். காற்றுக்குமிழி ஒன்று உள்ளே நின்றாலும் அளவு பிழையாகும் என்பதால், இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து இரு மட்டமும் ஒன்றாக நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கரைக்குச் செங்குத்தாக 50 மீற்றருக்கு ஒரு கோடு, கோட்டில் 5 மீற்றருக்கு ஒரு புள்ளி.

எல்லாவற்றையும்விட முக்கியமான அளவு இன்னொன்று. தீவின் ஒரு பக்கத்தில் கண்டல் நிற்கிறது என்றீர்கள். அதிலே உயிரோடு நிற்கும் மிகத் தாழ்ந்த இளமரத்தின் அடி உயரத்தையும், மிக மேலே நிற்கும் மரத்தின் அடி உயரத்தையும் அதே குழாயால் எடுங்கள். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் உங்கள் தீவில் கண்டலின் வீடு. புத்தகத்தில் எழுதியிருக்கும் எந்த அளவும் இதற்குப் பிறகுதான். அந்த உயரங்களை வெறுமையான கரைகளுக்குக் கொண்டுபோய்க் குறியிட்டு, இரண்டு குறிக்கும் இடையில் கயிறு இழுங்கள். நடுகை அந்தக் கயிற்றைத் தாண்டக் கூடாது.

உயரம் சரியாக இருந்தும் எதுவும் முளைக்காத இடங்கள் கயிற்றுக்குள்ளேயே இருக்கும். அங்கே உவர்ப்பைப் பாருங்கள். 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறி வரும் நீரை எடுத்து, உவர்ப்பு அளக்கும் கருவியான றிப்ராக்டோமீற்றரில் ஒரு துளி விட்டு வாசியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல், விலங்கியல், கடற்றொழில் துறைகளோடு கதைத்துப் பாருங்கள், கருவியும் மாணவரும் கிடைக்க வாய்ப்புண்டு. திறந்த கடல்நீர் ஆயிரத்துக்கு 35. ஊற்றுநீர் 40, 45 என்றால் நல்லது. 60க்கு மேல் போனால், வளைந்த வேரூன்றி நிற்கும் தாங்குவேர்க் கண்டலை மறந்துவிடுங்கள். வெண்கண்டல் இன்னும் மேலே தாங்கும். ஆனால் 90ஐத் தொட்டால் அதுவும் குறண்டிக் குட்டையாகவே நிற்கும். அளவைப் பங்குனியிலும் எடுங்கள், ஆவணியிலும் எடுங்கள். ஆவணியின் எண்தான் கன்றைக் கொல்லும் எண்.

உவர்ப்பு ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பழைய மண் அணையாக இருக்கும். மாரி நீர் உள்ளே தேங்கி, கோடையில் ஆவியாகி உப்பை விட்டுப் போகிறது. பெருக்கு வந்து கழுவ வழியில்லை. அணையைத் தொட முன்னர் அது என்ன அணை என்று உறுதிப்படுத்துங்கள். தீவகத்தில் வயலைக் காக்கும் உவர்நீர்த் தடுப்பணைகள் உண்டு; அவற்றில் கைவைத்தால் அடுத்தவர் நெல் அழியும், கிணறும் உவராகும். கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, அது கைவிட்ட உப்புப்பாத்தியினதோ வண்டிப்பாதையினதோ என்று தெளிந்த பிறகே வெட்டுங்கள்.

வெட்டும்போது ஒரு வாய் போதாது, இரண்டு வேண்டும். நீர் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கினால்தான் ஓட்டம் வரும். வாயின் அடி, வெளியே உள்ள இயற்கைத் தரையின் மட்டத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். மேலே நின்றால் உள்ளே குட்டை தேங்கிப் பச்சைப்பாசி மூடும். கீழே போனால் ஓட்டம் அரித்துக் கொண்டுபோகும். உள்ளே கொண்டுசெல்லும் வாய்க்கால் மேலகலம் 1.2 மீற்றர், அடியகலம் 0.6, ஆழம் 0.5 என்றால் மீற்றருக்கு 0.45 கன மீற்றர் மண் வரும். 60 மீற்றருக்கு 27 கன மீற்றர். மண்வெட்டி வேலைதான், இயந்திரம் இறக்காதீர்கள். அதன் சக்கரத் தடமே புது வாய்க்காலாகிவிடும். தோண்டிய மண்ணை வாய்க்காலோரம் நீளக் குவித்தால் திரும்பவும் அணைதான் கட்டியதாகும். தாழ்ந்த குழிகளில் பரப்புங்கள், மிஞ்சினால் இடைவிட்டுச் சிறு திட்டுகளாக வையுங்கள். வாய்க்கால் தரவையின் விளிம்போடு நிற்கட்டும். நடு உயர்நிலத்துக்குள் போகக் கூடாது: மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிய ஏடாக மிதந்து நிற்கிறது, அதைக் கீறிவிட்டால் வடிந்துவிடும், பனையும் ஈஞ்சும் அதை நம்பித்தான் நிற்கின்றன. வேலையைச் சோளகக் காலத்தில், நீர் இறங்கி நிற்கும்போது, பறவைக் கூடுகள் இல்லாத பக்கத்தில் செய்யுங்கள்.

தீவுக்கு வெளியேயும் ஒரு கண் வேண்டும். பண்ணை, புங்குடுதீவு, பொன்னாலை – காரைநகர் என்று பரவைக்கடலைக் குறுக்கே கடக்கும் கடற்பாதை வீதிகள் எல்லாம் நீர் போக விட்டிருக்கும் வழி, மதகுகளும் பாலங்களும் மட்டுமே. அருகிலுள்ள மதகு பழைய வலையாலும் பிளாஸ்டிக்காலும் அடைபட்டிருந்தால், தீவில் நீங்கள் வெட்டும் வாய்க்காலின் பயன் பாதியாகும். மதகைத் துப்புரவாக்குவது ஒரு சிரமதானத்தில் முடியும். பெருப்பிக்க வேண்டுமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குப் படங்களோடும் நீர்மட்ட அளவுகளோடும் எழுதுங்கள். அளவோடு எழுதிய கடிதத்தைத் தள்ளிவைப்பது கடினம்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவிர்க்க முடியாதவை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி கரையோர வலயத்தில் மண் வெட்டவும் நிரப்பவும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தேவை. இடம் சரணாலயமாகவோ ஒதுக்குக்காடாகவோ இருந்தால் வனசீவராசிகள் அல்லது வன பாதுகாப்புத் திணைக்களம். காணி யாருடையது என்பதைப் பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் பார்த்துவிடுங்கள். இடம்பெயர்வுக்குப் பிறகு தீவகத்துக் காணிகள் பலவற்றின் உறுதிக்காரர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள், பனை நிற்கும் நிலத்துக்கு உரிமையாளர் இல்லாதிருக்க வாய்ப்புக் குறைவு. வெடிபொருள் அகற்றப்பட்ட இடமா என்று மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கடற்படைக்கும் அறிவித்துவிடுங்கள். இதற்கெல்லாம் மாதங்கள் போகும். அளவெடுப்பும் அதே மாதங்களில் நடந்துகொண்டிருக்கும்.

அனுமதியைவிடப் பெரியது கடற்றொழிலாளர் சங்கத்தின் சம்மதம். சிறகுவலை எங்கே நிற்கிறது, நண்டுவலை எங்கே விடுகிறார்கள், வள்ளம் எந்த வழியாகப் போகிறது, கடலட்டைப் பண்ணைக்கு எந்தத் துண்டு கொடுபட்டிருக்கிறது என்பதை அவர்கள் வாயால் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். கூட்டத்தைத் தொழிலுக்குப் போகும் நேரத்தில் வைக்காதீர்கள். வாழ்வாதாரத்தை மறிக்கும் நடுகையை ஒரு கோடைக்குமேல் யாரும் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கச் சொல்வதும் நியாயமில்லை.

வாய்க்கால் திறந்தபின் ஒரு மாரியை விட்டுப் பாருங்கள். தாய்மரம் பக்கத்தில் நிற்பதால் விதை மிதந்து வரும். வருவதைத் தங்க வைக்க, பட்டையின் மேல்விளிம்பில் பனைமட்டைகளைக் கணுக்கால் உயரத்துக்கு இடைவெளி விட்டுக் குத்தி வரிசை போடலாம். பழுத்த வெண்கண்டல் விதையைச் சாக்கில் பொறுக்கி, ஏறுபெருக்கில் வாய்க்கால் வாயில் தூவிவிடலாம். இதைவிட மலிவான நடுகை கிடையாது. மாரி முடிய 2 மீற்றருக்கு 2 மீற்றர்ச் சட்டம் ஒன்றைப் பட்டையில் 30 இடங்களில் போட்டு எண்ணுங்கள். சராசரியாகச் சட்டத்துக்கு ஒரு கன்று நிலைத்திருந்தாலே ஹெக்டேயருக்கு 2,500 ஆகிறது; அங்கே நடத் தேவையில்லை, மாட்டை மறித்தால் போதும்.

நட வேண்டிவரும் இடத்துக்கு முதலாவது வெண்கண்டல். உவர்ப்பையும் வெயிலையும் தாங்கும், தரையிலிருந்து கிளம்பும் மூச்சுவேர் சேற்றைப் பிடித்து நிறுத்தும். பலரும் தாங்குவேர்க் கண்டலையே கேட்பார்கள். முளை நீளமாக இருப்பதால் குத்திவிட்டு வருவது சுலபம், அதனாலேயே பொருந்தாத இடமெல்லாம் அதைக் குத்துகிறார்கள். அது வாய்க்காலோரத்தில், நாளாந்தம் நீர் மாறும், ஊற்றுநீர் 45ஐத் தாண்டாத இடத்தில் மட்டும். மேல்விளிம்பில், தரவையைத் தொடும் இடத்தில் திப்பரத்தை என்ற இன்னொரு கண்டல் இனம். தில்லை ஏற்கெனவே நின்றால் விடுங்கள், புதிதாகச் சிறுவர்களைக் கொண்டு நடுவிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. விதை எல்லாம் அந்தத் தீவிலிருந்தோ அயல் தீவுகளிலிருந்தோதான். உங்கள் உவர்ப்புக்குப் பழகிய மரத்தின் விதை அது.

வெண்கண்டல் விதை கையால் தொட்டதும் கழலும்போது, மஞ்சள் கலந்த தோலோடு பொறுக்குங்கள். ஒரு நாள் ஊறவிட்டால் தோல் தானாக உரியும். உரிந்ததை அன்றோ மறுநாளோ பையில், பாதி வெளித்தெரிய அழுத்துங்கள். ஆழப் புதைத்தால் அழுகும். தாங்குவேர்க் கண்டல் முளையில், காய்க்கும் முளைக்கும் இடையில் மஞ்சள் வளையம் வந்ததுதான் முதிர்ச்சி; பச்சையாக முறித்தது தளிர்க்காது. பறித்ததை நிழலில் சில நாள் வாடவிட்டால் நண்டு கடிப்பது குறையும். முளையின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு மண்ணுக்குள், அதற்குமேல் வேண்டாம்.

நாற்றுமேடையைப் பூரணைப் பெருக்கில் பையின் அடி நனையும் மட்டத்தில், தீவிலோ எதிர்க்கரையிலோ அமையுங்கள். கோடை முழுக்க நன்னீர் சுமக்கும் தொல்லை அதனால் குறையும். அட்டமிக் கிழமைகளில் மட்டும் சவர்க்கிணற்று நீர் ஊற்றலாம். கிடுகோ பனையோலையோ பாதி நிழலாக வேய்ந்து, நடுவதற்கு ஒரு மாதம் முன் நிழலை எடுத்துவிடுங்கள். கணக்கு இப்படி வரும்: 18 பரப்பு என்பது 4,550 சதுர மீற்றர். கன்றை ஒவ்வொன்றாக வரிசையில் வைக்காமல், 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஐந்தைந்தாகக் கூட்டி, கூட்டத்துக்குக் கூட்டம் 3 மீற்றர் விட்டால் 505 கூட்டம், 2,525 கன்று. ஒன்றுக்கொன்று நிழலும் அலைமறைப்பும் கொடுக்கும், சேறும் சுற்றிப் படியும். இடைநிரப்பலுக்குக் கால்வாசி சேர்த்தால் 3,160 பை. 15க்கு 23 சென்ரிமீற்றர்ப் பைக்கு ஏறத்தாழ 1.3 லீற்றர் மண் பிடிக்கும், மொத்தம் 4.1 கன மீற்றர், ஒன்றரைக் கியூப். கண்டல் நிற்கும் சேறு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு; சேற்றை நிற்கும் கண்டலின் வேரடியில் தோண்டாதீர்கள், வாய்க்கால் மண்ணையே பயன்படுத்துங்கள். பொலித்தீன் பையென்றால் எண்ணிக் கொண்டுபோய் எண்ணிக் கொண்டுவாருங்கள். பனையோலைப் பை பின்னக்கூடியவர் தீவகத்தில் இருக்கிறார்கள். பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகட்டும்.

நடுவது மழை உவர்ப்பைக் கழுவிய பின், கார்த்திகை நடுவிலிருந்து தை நடுவரை, அட்டமியை ஒட்டிய நாட்களில். அப்போது நீர் குறைவாக ஏறும், வேரடி மண் கழுவுப்படாது. வானிலைத் திணைக்களம் தாழமுக்க எச்சரிக்கை விட்டால் தள்ளிப்போடுங்கள். 2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்ததும் இதே கிழமைகளில்தான். பையைக் கிழித்து எடுத்து, வேர்க்கட்டு உடையாமல், பையிலிருந்த மட்டத்துக்கே மண்ணை அணையுங்கள்.

நட்டபின் கன்றைக் கொல்பவை வரிசையாக வரும். முதல் மாதம் நண்டு. மாசி, பங்குனியில் பச்சைப்பாசி சுற்றிச் சாய்க்கும். கிழமைக்கு ஒருமுறை கையால் உருவ வேண்டும், அதற்கு ஆள் நியமித்துச் சம்பளம் ஒதுக்க வேண்டும். நீருக்குள் அதிகம் நிற்கும் கன்றின் தண்டில் சுண்ணாம்பு ஓட்டுடன் சிறு உயிர்கள் ஒட்டிப் பாரமாக்கும். சுரண்டாதீர்கள், தோல் உரியும். அது அந்த இடம் தாழ்வு என்பதற்கான அறிவிப்பு. வைகாசிக்குப் பிறகு ஆடும் மாடும். வற்றில் மாடு பரவையைக் கால்நடையாகக் கடந்து வரும். புல் முடிந்த கோடையில் வெண்கண்டல் இலைதான் அதன் தீன். தீவைச் சுற்றி வேலி போடத் தேவையில்லை, மாடு ஏறும் துறை எது என்று பார்த்து அங்கே மறியுங்கள். 120 மீற்றர் மறிப்புக்கு 3 மீற்றருக்கு ஒரு சலாகையாக 41, நான்கு இழை முட்கம்பி 480 மீற்றர், முடிச்சுக்குப் பத்திலொன்று கூட்டி 530. ஆடு என்றால் முட்கம்பி போதாது, கீழே வலைக்கம்பி வேண்டும். மாட்டுக்காரர்களை முதற் கூட்டத்துக்கே அழையுங்கள். அவர்களுக்கு வேறு மேய்ச்சல் இல்லையென்றால் வேலி இரவில் அறுபடும்.

உயர்நிலத்தில் செய்வது கொஞ்சம். நாகதாளியும் பார்த்தீனியமும் இருந்தால் பூக்க முன் பிடுங்கி எரியுங்கள். பார்த்தீனியத்துக்குக் கையுறை கட்டாயம். இபில் இபில் முளைத்திருந்தால் வேரோடு எடுங்கள். பனம்விதையை ஆவணி, புரட்டாதியில் 3 மீற்றருக்கு ஒன்றாக, பழைய பனை நிற்கும் இடத்துக்குள்ளேயே போடுங்கள். அடம்பனைத் துண்டு துண்டாக வெட்டி மாரியில் மணலில் புதைத்தால் தானாக ஓடும்.

பணம் தருகிறவர்களுக்கு எழுதும்போது 10,000 கன்று என்ற தலைப்பை எடுத்துவிட்டு, 18 பரப்புக் கண்டல், மூன்று வருடம் என்று எழுதுங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: அளவெடுப்பும் அனுமதியும் வாய்க்காலும் முதற் பங்கு, நாற்றும் நடுகையும் இரண்டாவது, பாசி உருவுதலும் மறிப்பும் எண்ணுதலும் மூன்றாவது. மூன்றாவதை யாரும் தர விரும்புவதில்லை. அது இல்லையென்றால் நடுகையையே தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணுவதற்கு, நட்ட கூட்டங்களில் பத்திலொன்றுக்கு இலக்கத் தகடு கட்டி, 3ஆம், 6ஆம், 12ஆம், 24ஆம் மாதங்களில் உயிரோடிருப்பது, உயரம், புது இலை ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே கம்பத்தடியிலிருந்து ஒரே திசைக்குப் படம் எடுங்கள். பறவைகளைத் தையில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் எண்ணுங்கள். கன்று பிழைத்துப் பூநாரை குறைந்தால் பட்டை சேற்றுவெளிக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். 12ஆம் மாதத்தில் ஒரு துண்டில் பாதிக்குமேல் செத்திருந்தால் உடனே இடைநிரப்ப ஓடாதீர்கள். குழாயை எடுத்து அந்தத் துண்டின் உயரத்தையும், குழி தோண்டி உவர்ப்பையும் திரும்ப அளவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மாட்டுத் தடம் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மட்டும் கையிருப்பிலுள்ள கன்றை அடுத்த மாரியில் வையுங்கள். மற்றபடி அந்தத் துண்டைக் கணக்கிலிருந்து எடுத்து, பரப்பைக் குறைத்துப் பணம் தந்தவர்களுக்கு எழுதிவிடுங்கள்.